மணலுக்குள் குழாய்: வன்னிக் கரையோரக் கிராமத்துக்குக் கழிவுநீர் வலையமைப்பு அமைக்கும் முறை

முல்லைத்தீவு மாவட்டத்தின் சிலாவத்தை, அளம்பில், செம்மலைப் பக்கத்துக் கரையோர மணலில் ஆவணி மாதத்தில் ஆளுயரக் கிடங்கு வெட்டினாலும் அடியில் ஈர மணல் மட்டுமே தெரியும் இடங்கள் பல உண்டு. அதே இடத்தை மார்கழியில் வெட்டினால் முழங்காலளவு இறங்கும் முன்பே தண்ணீர் ஊறி, பக்கங்கள் சரிந்து, கிடங்கு ஆழமாகாமல் அகலமாகிக்கொண்டே போகும். கழிவுநீர்க் குழாய்க்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆவணி மாத நிலத்தைப் பார்த்துவிட்டு வரைபடம் வரைகிறார்கள்; குழாயோ மார்கழி மாத நிலத்துக்குள் கிடக்கப்போகிறது. மார்கழியில் அளக்க வேண்டும், பங்குனிக்குப் பின் வெட்ட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. கீழே சொல்லப்படும் ஆழம், சாய்வு, தொட்டி, பம்பி யாவும் அதிலிருந்தே வருகின்றன.

வலையமைப்பு உண்மையில் தேவையா

அரை ஏக்கர், ஓர் ஏக்கர் காணிகளில் வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கும் கிராமத்துக்குக் குழாய் வலையமைப்புத் தேவையில்லை. அங்கே அடி மூடிய மலக்கழிவுத் தொட்டியும் அதிலிருந்து வரும் நீர் மண்ணுக்குள் ஊறிப்போக நிலமட்டத்துக்கு மேலே உயர்த்திய ஊறல் மேடையும் செலவு குறைந்த, பழுது குறைந்த தீர்வாகும். கடற்றொழில் செய்யும் குடும்பங்கள் கடலை ஒட்டி நெருக்கமாக இருக்கும் குடியிருப்புகளில்தான் வேறு வழியில்லாமல் போகிறது. மீள்குடியேற்றத்தின் பின்னர் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் மலசலகூடக் குழி என்பது ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கிய கொங்கிறீற்று வளையங்கள்தான். அவற்றுக்கு அடி கிடையாது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடியாவது இருக்க வேண்டும் என்று வழக்கமாகச் சொல்லப்படும் இடைவெளி ஒடுங்கிய காணியில் எந்த மூலையிலிருந்து அளந்தாலும் கிடைப்பதில்லை. உங்கள் காணிக்குள் தள்ளி வைத்தால், அது பக்கத்து வீட்டாரின் கிணற்றுக்கு அருகில் போய்விடும்.

மாரிகாலத்தில் இப்படியான ஒரு வளவில் நின்றுகொண்டிருந்தபோது அந்த வீட்டு அம்மா கிணற்றுக்கட்டில் வாளியை வைத்துவிட்டுச் சொன்னார்: "கோடையில நல்ல தண்ணி தம்பி. மாரி துவங்கி ரண்டு கிழமை போனாப் பிறகு வாளியைத் தூக்கேக்க ஒரு மணம் அடிக்குது." குழிக்கு எத்தனை அடி என்று கேட்டேன். "அளக்கேல்லை, உந்தா இருக்கு" என்று கையைக் காட்டினார். காலடி வைத்து எண்ணிப் பார்த்தேன்; பதினொரு காலடி.

அவர் சொன்ன மணத்துக்கான காரணம் நிலத்துக்குள் இருக்கிறது. கரையோர மணலில் நன்னீர், தன்னைவிட அடர்த்தி கூடிய உப்புநீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக்கணக்கு. குழியின் அடிக்கும் இந்த நீருக்கும் இடையில் ஆளுயர அளவு உலர்ந்த மணல் இருக்கும்வரை அது கிருமிகளைப் பெருமளவு வடித்துவிடும். மாரியில் நீர்மட்டம் ஏறிக் குழியின் அடியைத் தொட்டவுடன் அந்த வடிகட்டி இல்லாமல் போகிறது; குழியும் கிணறும் ஒரே தண்ணீருக்குள் நிற்கின்றன. மலக்கழிவிலிருந்து உருவாகும் நைத்திரேற்றை உலர்ந்த மணலும் வடிப்பதில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

எந்த முறை

நகரங்களில் போடும் வழக்கமான கழிவுநீர்க் குழாய் இந்தக் கரையோரத்துக்குப் பொருந்தாது என்பதை ஒரு கணக்கே காட்டிவிடும். மலமும் கடதாசியும் மணலும் ஓடும் குழாய்க்குத் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் சாய்வு வேண்டும். 110 மில்லிமீற்றர் குழாய்க்கு அது 200க்கு 1 என்று வைத்தாலும் 500 மீற்றர் தூரத்துக்கு 2.5 மீற்றர் இறக்கம் தேவைப்படும். தொடக்கத்தில் அரை மீற்றர் ஆழத்தில் தொடங்கினால் முடிவில் 3 மீற்றர். எங்கள் கரையோரம் தட்டை நிலம். நிலம் சாயாத இடத்தில் குழாய் மட்டும் சாய்ந்துகொண்டு போனால் பாதித் தூரத்திலேயே நீர்மட்டத்துக்குள் இறங்கிவிடும்.

பிரேசிலின் நட்டால் நகரில் 1980களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு மாற்று முறையை வளர்த்தெடுத்தார்கள். குழாயை வீதி நடுவில் ஆழமாகப் போடாமல் வளவுகளின் பின்புறத்தாலும் நடைபாதையோரத்தாலும், வாகனம் ஏறாத இடமாகப் பார்த்து, 40 சென்ரிமீற்றர் மூடுமண்ணோடு பதித்தார்கள். ஆழம் குறைந்ததும் செலவும் குறைந்தது. அந்தப் பாதை நமக்கும் நல்லது. ஆனால் நமது மணலையும் கணக்கில் எடுக்க வேண்டும்: கால் கழுவும்போதும் பாத்திரம் மினுக்கும்போதும் குழாய்க்குள் போகும் மணல் கொஞ்சமல்ல. ஆகவே நான் பரிந்துரைப்பது மூன்றாவது முறை. ஒவ்வொரு வீட்டிலும் அடி மூடிய சிறு தொட்டி ஒன்றில் மலமும் மணலும் எண்ணெயும் தங்கிவிட, தெளிந்த நீர் மட்டும் மேற்படி ஆழமில்லாப் பாதையால் ஓட வேண்டும். மணல் இல்லாத நீரைக் கொண்டுபோகும் குழாய்க்குச் சாய்வு குறைந்தாலும் பாதகமில்லை; கடைசி முனை முதல் முனையைவிடத் தாழ்ந்திருந்து, இடையில் எந்த வீட்டுத் தொட்டியின் வாயும் ஓட்ட மட்டத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இந்த முறைக்கு ஒரு விலை உண்டு: தொட்டியில் தங்கும் சேற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்தே ஆக வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாத கிராமத்தில் இதைத் தொடங்கக் கூடாது.

மார்கழி அளவை

இரண்டு அங்குலப் பிவிசிக் குழாயில் 2 மீற்றர் நீளத் துண்டுகளை எடுத்து, கீழ்ப்பாதியில் வாளால் கீறல்கள் போட்டு, நுளம்புவலைத் துணியைச் சுற்றிக் கட்டி, குழாய் போகவிருக்கும் பாதையில் நூறு மீற்றருக்கு ஒன்றாக மணலுக்குள் இறக்குங்கள். ஐப்பசி தொடங்கித் தை முடியும்வரை கிழமைக்கு ஒருமுறை, பெருமழை பெய்த மறுநாள் கட்டாயமாக, உள்ளே நீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். வழியில் உள்ள கிணறுகளையும் கட்டின் விளிம்பிலிருந்து அளவுநாடா விட்டு அளக்கலாம். எல்லா அளவுகளும் ஒரே மட்டக்குறிக்கு ஒப்பிடப்பட வேண்டும். கோயில் படியோ பாடசாலைத் தளமோ அதற்குப் போதும். மட்டக்கருவி கிடைக்காவிட்டால் மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர் மட்டக்குழாயே இந்த வேலைக்குப் போதிய திருத்தமானது. உள்ளே காற்றுக்குமிழி நிற்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய நீரேரிகளை ஒட்டிய கிராமங்களில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். நீரேரியின் முகத்துவாரம் மணல்திட்டால் அடைபட்டிருக்கும் நிலையில் பெருமழை பெய்தால் தண்ணீர் கடலுக்குப் போக வழியின்றிக் குடியிருப்புப் பக்கம் ஏறும். நந்திக்கடலில் அது வட்டுவாகல் முகத்துவாரத்தை வெட்டிவிடும்வரை நிற்கும். அந்த உச்ச மட்டத்தைச் சுவர்களில் உள்ள கறையைப் பார்த்தும் முதியவர்களைக் கேட்டும் குறியுங்கள். தொட்டி மூடி, பம்பியின் மின்பெட்டி, சுத்திகரிப்புப் படுக்கையின் கரை ஆகிய எல்லாவற்றின் உயரமும் இந்தக் கோட்டிலிருந்தே தீர்மானிக்கப்படும்.

நீரின் அளவு கணக்கிடுவது இலகு. 150 குடும்பங்கள், குடும்பத்துக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் பாவனை, அதில் 80 வீதம் கழிவாகத் திரும்புகிறது என்று வைத்தால் 48,000 லீற்றர் வரும். நாள் முழுவதும் சமமாக ஓடினால் செக்கனுக்கு அரை லீற்றருக்குச் சற்று மேல். காலையில் எல்லோரும் எழும்பும் நேரத்துக்கு அதன் நான்கு மடங்கு, அதாவது செக்கனுக்கு 2.2 லீற்றர். 200க்கு 1 சாய்வில் 110 மில்லிமீற்றர் குழாய் இதைப் பாதி நிறைந்த நிலையிலேயே கொண்டுபோகும். இருந்தாலும் பிரதான குழாயை 160 மில்லிமீற்றராகப் போடுங்கள். மாரியில் எப்படியோ உள்ளே புகும் நீருக்கும் நாளை கட்டப்படும் வீடுகளுக்கும் இடம் வேண்டும். பருவத்துக்கு வாடி அமைத்துத் தொழில் செய்பவர்கள் இருக்கும் கரையென்றால் அவர்களையும் எண்ணிக்கையில் சேருங்கள்.

அனுமதி, நிலத்துக்குள் இருப்பவை

1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயமாகும். கடலோடு தொடுக்கும் நீரேரிகளில் அது முகத்துவாரத்திலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை செல்லும். அந்த எல்லைக்குள் வேலை செய்யக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி தேவை. பிரதேச சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, மத்திய சுற்றாடல் அதிகார சபை ஆகியவற்றோடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடும் தொடக்கத்திலேயே பேசுங்கள். வளவுகளுக்குள்ளால் குழாய் போவதால் ஒவ்வொரு காணிக்காரரின் சம்மதத்தையும் கிராம அலுவலர் முன்னிலையில் எழுத்தில் வாங்குங்கள். பல காணிகள் அனுமதிப்பத்திரக் காணிகள் என்பதால் பிரதேச செயலகத்துக்கும் பிரதி போக வேண்டும். வாய்ச் சம்மதம் வேலி மாறும்போது மாறிவிடும்.

வேறு பல மாவட்டங்களில் எழுதத் தேவையில்லாத ஒன்றை இங்கே எழுத வேண்டியிருக்கிறது. கண்ணிவெடி அகற்றப்பட்ட காணி என்ற சான்றிதழைப் பார்க்கும்போது எந்த ஆழம்வரை தேடப்பட்டது என்பதையும் பாருங்கள். உங்கள் கிடங்கு அதைவிட ஆழமென்றால், அல்லது பெக்கோ இயந்திரம் இறங்கப்போகிறதென்றால், மீண்டும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். துருப்பிடித்த உலோகம் எதுவாக இருந்தாலும் மண்வெட்டியால் தட்டிப் பார்க்கக் கூடாது. வேலையை நிறுத்தி, இடத்தை அடையாளப்படுத்தி, எல்லோரையும் விலக்கிவிட்டுப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். 2023 யூன் மாத இறுதியில் கொக்குத்தொடுவாயில் மனிதப் புதைகுழி வெளிப்பட்டது குடிநீர்க் குழாய் பதிக்கக் கிடங்கு வெட்டியபோதுதான். எலும்போ துணியோ தென்பட்டால் ஒரு பிடி மண்ணைக்கூட அசைக்காமல் அதே இடத்தில் நிறுத்துங்கள். அதன் பின்னர் என்ன செய்வதென்பது நீதவானின் கட்டளைப்படியே நடக்க வேண்டும். வெட்டிய மண்ணை லொறியில் ஏற்றி வேறெங்கும் கொட்டாமல் கிடங்கின் ஓரத்திலேயே குவித்துவைக்கும் பழக்கம் இதற்காகவும் நல்லது. வேலையாட்களுக்கு முதல் நாள் காலையிலேயே இவ்விரண்டையும் சொல்லிவிடுங்கள். அவர்களில் சிலர் அந்த மண்ணிலேயே யாரையோ தேடிக்கொண்டிருப்பவர்களாக இருப்பார்கள்.

வீட்டுத் தொட்டி

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைய கழிவுநீர் 320 லீற்றர். சேறு ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லீற்றர் சேரும் என்று கொண்டால் மூன்று ஆண்டுக்கு 480 லீற்றர். இரண்டையும் கூட்டி, மிதக்கும் படைக்கும் இடம் விட்டு, 1,000 முதல் 1,200 லீற்றர்வரை நீர்க்கொள்ளளவுள்ள தொட்டி கட்டுங்கள். உள்ளே தடுப்புச்சுவர் வைத்து மூன்றில் இரண்டு பங்கு முதல் அறையாகவும் ஒரு பங்கு இரண்டாம் அறையாகவும் இருக்கட்டும். உள்வாயிலும் வெளிவாயிலும் 'ரீ' வடிவத் துண்டு பூட்டி, மிதப்பது குழாய்க்குள் போகாமல் தடுங்கள். பழைய வளையக் குழியையே தொட்டியாகப் பாவிக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். அடியில்லாத குழியிலிருந்து நீர் கோடையில் மணலுக்குள் போய்விடும், மாரியில் நிலத்தடி நீர் உள்ளே வந்து குழாயை நிரப்பும், ஆகவே கூடாது. புதிய தொட்டி வேலை செய்யத் தொடங்கியதும் பழைய குழியைச் சேறெடுத்து, சுண்ணாம்பு தூவி, மணலால் மூடிவிடுங்கள்.

தொட்டி மிதக்கும் என்பதை நான் படித்து அறிந்திருந்தும் கண்ணால் கண்ட பிறகுதான் மதிக்கத் தொடங்கினேன். ஒரு கிராமத்தில் வேலை பிந்தி ஐப்பசிக்குள் போய்விட்டது. ஒப்பந்தக்காரர் 1,000 லீற்றர் பிளாஸ்ரிக் தொட்டிகளை இறக்கி, சுற்றி மணல் போட்டு, இணைப்பை நாளை பார்ப்போம் என்று விட்டுவிட்டுப் போனார். அன்றிரவு மழை கொட்டியது. விடியப் போய்ப் பார்த்தால், ஒரு வளவில் தொட்டி ஒன்றரை அடி மேலே வந்து, பக்கத்தில் பூட்டியிருந்த குழாயை நாரை கழுத்தைத் தூக்கியதுபோல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றது. வெறும் தொட்டி, உள்ளே ஒரு வாளித் தண்ணீர்கூட இல்லை. ஓர் ஆள் தூக்கக்கூடிய அந்தத் தொட்டியைத் தண்ணீர் ஒரு தொன் விசையோடு மேலே தள்ளியிருக்கிறது.

கணக்கு இதுதான். நீருக்குள் அமிழும் ஒவ்வொரு கனமீற்றர் வெற்றிடமும் 1 தொன் மேலுதைப்பைத் தரும். கொங்கிறீற்று கனமீற்றருக்கு 2.4 தொன் நிறையுடையது. தண்ணீருக்குள் அது 1.4 தொன்னாகத்தான் வேலை செய்யும். ஆகவே 1,000 லீற்றர் வெறும் பிளாஸ்ரிக் தொட்டியைப் பிடித்துவைக்க முக்கால் கனமீற்றர் கொங்கிறீற்றாவது வேண்டும். பாதுகாப்புக்குச் சற்றுக் கூட்டுங்கள். அடித்தட்டைத் தொட்டியைவிட எல்லாப் பக்கமும் 20 சென்ரிமீற்றர் அகலமாக வார்த்தால் அதன்மேல் இருக்கும் மணலும் சேர்ந்து அமுக்கும். தொட்டியை இறக்கிய அன்றே தண்ணீரால் நிரப்பிவிடுங்கள். சேறு எடுக்கும்போதும் இதே ஆபத்து திரும்ப வரும்: மாரியில் தொட்டியை ஒருபோதும் முழுதாக இறைக்கக் கூடாது, சேறெடுப்பு ஆனி, ஆடி, ஆவணிக்குரிய வேலை.

எல்லாவற்றையும்விட நல்ல வழி ஆழமாகப் போகாமல் விடுவதுதான். மலசலகூடத்தின் தளத்தை இரண்டு அல்லது மூன்று படி உயர்த்திக் கட்டி, தொட்டியைப் பாதி நிலத்துக்கு மேலே நிறுத்தி, வெளிப்பக்கம் மண் அணைத்துவிட்டால் மிதப்பும் குறையும், வெள்ளமும் மூடிக்கு மேலால் போகாது, குழாய்க்குச் சாய்வும் கூடுதலாகக் கிடைக்கும். முதியவர்களும் போரில் காலை இழந்தவர்களும் உள்ள வீடுகளில் படியோடு ஒரு சரிவுப் பாதையும் கைபிடியும் கட்டாயம் வையுங்கள்.

குழாய் பதித்தல்

தாழ்ந்த முனையிலிருந்து தொடங்கி மேலே போங்கள். அப்போதுதான் கிடங்கில் ஊறும் நீர் வேலை செய்யும் இடத்தை விட்டு வடிந்து போகும். வளவுக்குள் 40 முதல் 60 சென்ரிமீற்றர் மூடுமண் போதும். உழவு இயந்திரம் குறுக்கே போகும் இடங்களில் 90 சென்ரிமீற்றர் விடுங்கள், முடியாவிட்டால் குழாயைச் சுற்றிக் கொங்கிறீற்றுப் போடுங்கள். வேலியோரம்தான் எல்லோரும் காட்டும் பாதை. ஆனால் எங்கள் வேலிகள் பூவரசும் கிளுவையும் நட்ட உயிர்வேலிகள். ஈரம் கசியும் மூட்டைப் பூவரசு வேர் தேடிப் பிடிக்கும். வேலியிலிருந்து ஒரு மீற்றராவது உள்ளே தள்ளுங்கள். கடலோரச் சவுக்குத் தோப்புக்கு இன்னும் தூரம் விடுங்கள்.

சாய்வைக் கண்ணால் மதிப்பிடுவதால்தான் பல வலையமைப்புகள் கெட்டுப்போகின்றன. நிலம் இடம் கொடுக்கும் துண்டுகளில் 200க்கு 1 சாய்வு வைக்க, ஆறடி நீளமான நேர்ப்பலகை ஒன்றின் ஒரு முனைக்குக் கீழே 9 மில்லிமீற்றர் தடிப்பான கட்டையை ஆணியடித்துக்கொள்ளுங்கள். கட்டை உள்ள முனை பள்ளப்பக்கம் இருக்கக் குழாயின் மேல் பலகையை வைத்து, அதன்மேல் மட்டப்பலகையை வைத்தால், குமிழி நடுவில் நிற்கும்போது குழாய் 200க்கு 1 சாய்வில் இருக்கும். ஆறு மீற்றர்க் குழாய் ஒன்றுக்கு 3 சென்ரிமீற்றர் இறக்கம். ஒரு குழாய்க்கு மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கும்படி வேலையாளுக்குச் சொல்லுங்கள். பலகை பொய் சொல்லாது, அந்தி நேரத்தில் களைத்த கண் சொல்லும்.

பசை ஒட்டும் மூட்டைவிட றபர் வளைய மூட்டே இங்கு நல்லது. ஈரமும் மணலும் பறக்கும் இடத்தில் பசை சரியாகப் பிடிப்பதில்லை. மணல் சிறிது தாழ்ந்தாலும் வளைய மூட்டு அசைந்து கொடுக்கும். வளையத்தையும் அதன் பள்ளத்தையும் துணியால் துடைத்து, சவர்க்காரத் தண்ணீர் பூசி உள்ளே தள்ளுங்கள். ஒரு மணற்பருக்கை வளையத்தின் கீழ் இருந்தாலும் அது வாழ்நாள் முழுதும் ஒழுகும். மதிய உணவுக்குப் போகும்போதும் திறந்த முனையை மூடிவிட்டே போங்கள். சங்கு, சிப்பி, கல் இல்லாத அவ்விடத்து மணலே நல்ல படுக்கை. அன்று பதித்த குழாயை அன்றே மூடுங்கள், மூட்டுகளை மட்டும் சோதனைக்காகத் திறந்து விடுங்கள். மழை பெய்தால் வெறும் குழாயும் மிதக்கும்.

நீர்மட்டத்துக்குக் கீழே போக நேரும் சிறு துண்டுகளில், கிடங்குக்குள்ளேயே பம்பியை வைத்து இறைத்தால் அடிமணல் கொதிப்பதுபோல் பொங்கி மேலே வரும். கிடங்கின் இருபக்கமும் சல்லடை முனைக் குழாய்களை இறக்கி அவற்றினூடாக நீரை உறிஞ்சினால் மணல் நிலையாக நிற்கும். இதையும் குறைந்த நீளத்துக்கு, குறைந்த நேரத்துக்கு மட்டும் செய்யுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரக் கிணறுகளை மட்டுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் கீழிருந்த உப்புநீர் மேலே ஏறியது. ஒரு கிழமை தொடர்ந்து கிடங்கை இறைத்தால் பக்கத்துக் கிணற்றுக்கும் அதுவே நடக்கலாம்.

ஆள் இறங்கும் மான்ஹோல்களை எவ்வளவு தவிர்க்க முடியுமோ அவ்வளவு தவிருங்கள். 30 முதல் 40 மீற்றருக்கு ஒன்றாகவும் திருப்பங்களிலும், குழாயிலிருந்து மேலெழும் மூடிபோட்ட துப்புரவு வாய்கள் போதும். கழிவுநீரில் இருந்து வெளிவரும் ஐதரசன் சல்பைட்டு வாயு ஈரச்சுவரில் கந்தக அமிலமாக மாறிக் கொங்கிறீற்றைத் தின்னும். கடல்நீரின் சல்பேற்று கலக்கும் இடத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். தவிர்க்க முடியாத குழிகளைச் சல்பேற்றுத் தாங்கும் சீமெந்தால் கட்டி உட்புறம் பூச்சுப் பூசுங்கள். அதே வாயு மனிதரையும் கொல்லும். அளவு கூடினால் மூக்கு மரத்து மணமே தெரியாமல் போய்விடும் என்பதால் "மணக்கேல்லை, இறங்கலாம்" என்ற பேச்சுக்கு இடமே இல்லை. தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ யாரும், எக்காரணம் கொண்டும், இறங்கக் கூடாது. ஒருவர் விழுந்தால் தூக்கப்போகும் அடுத்தவரும் விழுவார்.

ஒவ்வொரு 50 மீற்றரும் முடிந்தவுடன் கீழ்முனையை அடைத்து, மேல்முனையில் ஒரு மீற்றர் உயரக் குழாயை நிறுத்தி நீர் நிரப்பி, அரை மணித்தியாலம் பாருங்கள். புதிய பிவிசிக் குழாயில் மட்டம் இறங்கவே கூடாது.

மீன் வெட்டும் இடத்தின் நீரை இந்த வலையமைப்போடு சேர்க்காதீர்கள். செதில் குழாய்ச் சுவரில் சில்லறைக் காசுபோல் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் எண்ணெய் படியும். அதன்மேல் அடுத்த செதில். இறங்குதுறைக்குச் சல்லடையும் எண்ணெய்ப் பொறியும் உள்ள தனியான ஏற்பாடு வேண்டும்.

பம்பியும் சுத்திகரிப்பும்

ஒரு பெரிய நிலையத்துக்குப் பம்பி வைத்துத் தள்ளுவதா, இரண்டு மூன்று சிறிய நிலையங்களுக்குத் தானாக ஓடவிடுவதா என்றால் நான் இரண்டாவதையே சொல்வேன். மழையில் மின்சாரம் நிற்கும் நாளில்தான் கழிவுநீரும் கூடும். பம்பி இல்லாமல் முடியாதென்றால் மாறிமாறி ஓடும் இரண்டு பம்பிகளை வையுங்கள். ஆறு மணித்தியாலம் மின்தடை ஏற்பட்டாலும் தாங்கும்படி, மேற்சொன்ன கிராமத்துக்கு 12 கனமீற்றர் சேமிப்புக் குழி கட்டுங்கள். மின்பெட்டியை வெள்ளக் கோட்டுக்கு ஒரு மீற்றர் மேலே தூக்குங்கள்.

தெளிந்த கழிவுநீரைச் சுத்திகரிக்க, மின்சாரம் கேட்காத கல்லும் செடியும் கொண்ட ஈரநிலப் படுக்கை நமக்கு ஏற்றது. வெப்பமான இடத்தில் ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீற்றர் தேவை. 600 பேருக்கு, ஆளுக்கு ஒன்றரைச் சதுர மீற்றர் என்று வைத்தால், 900 சதுர மீற்றர், ஏறத்தாழ மூன்றரைப் பரப்புக் காணி. அடியில் தடித்த பிளாஸ்ரிக் விரிப்பு இல்லாமல் மணலில் இதைக் கட்டினால் நீர் செடியைத் தொடும் முன்பே நிலத்துக்குள் போய்விடும். விரிப்பின் மேல் 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கழுவிய கருங்கற்சல்லி போட்டு, நீர்மட்டம் சல்லியின் மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே நிற்கும்படி வெளிவாயை அமைத்தால் நுளம்பு பெருகாது. குளக்கரையில் கிடைக்கும் சம்பும் நாணலும் நடுங்கள். சுற்றிவர நல்ல வேலி அடையுங்கள்; கட்டாக்காலி மாடுகள் கோடையில் பச்சை எங்கே தெரிந்தாலும் வரும். தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும் மாதங்களில்தான் மணம் தெரியும் என்பதால் இடத்தைக் குடியிருப்பின் தெற்கு, தென்மேற்குப் பக்கமாகத் தெரிவு செய்யாதீர்கள்.

உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஒட்சிசனின் அளவு) லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கும் தொங்கல் திண்மம் (நீரில் கலங்கி நிற்கும் துகள்கள்) 50 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது என்று 2008 ஆம் ஆண்டு சுற்றாடல் ஒழுங்குவிதிகள் வரையறுத்தன. அந்த அளவை எட்டினாலும் நீரேரிக்குள் விடாதீர்கள். முகத்துவாரம் அடைபட்ட மாதங்களில் நந்திக்கடல் ஒரு மூடிய பாத்திரம். அதற்குள் விடுவது அதற்குள்ளேயே இருக்கும், இறாலும் அதற்குள்ளேயே வளர்கிறது. தென்னைக்கோ சவுக்குக்கோ, கிணறுகளுக்கு அப்பால், மண்ணுக்குக் கீழே துளைக்குழாயால் பாய்ச்சுங்கள்.

யார் பார்ப்பது

முதல் கிடங்கு வெட்டும் முன்பே பிரதேச சபையிடம் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: சேறெடுக்கும் பவுசர் ஆண்டில் எத்தனை நாள் கிடைக்கும், எடுத்த சேறு எங்கே கொட்டப்படும். பதில் இல்லையென்றால் தொட்டிகள் நான்காம் ஆண்டில் நிரம்பி, மணலும் மலமும் குழாய்க்குள் இறங்கும். பணத்தை மாதாமாதம் சேர்க்கப் போகாதீர்கள். வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது படகு இறங்காத வீட்டில் போய்ப் பணம் கேட்பது கேட்பவருக்கும் சங்கடம். மீன்பாடு நல்ல மாதங்களில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ தடவை, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் வழியாகச் சேருங்கள். அடைப்பெடுக்கும் பிரம்புக் கட்டு ஒன்றும் கையுறைகளும் வரைபடத்தின் பிரதியும் கிராமத்துக்குள்ளேயே ஒருவரிடம் இருக்கட்டும். குழாய் எந்த வளவின் எந்த மூலையால் போகிறது என்பது ஐந்து ஆண்டில் எல்லோருக்கும் மறந்துவிடும்.

எல்லா வீடுகளும் இணைந்த பின்னர் வரும் முதல் மாரியில், பெருமழை ஓய்ந்த ஓர் இரவு, இரண்டு மணியளவில் பிரதான குழாயின் கடைசி முனைக்குப் போங்கள். ஊர் தூங்கும் அந்த நேரத்தில் குழாயில் வெறும் கசிவு மட்டுமே இருக்க வேண்டும். 10 லீற்றர் வாளியைப் பிடியுங்கள். அது ஒரு நிமிடத்தில் நிறைந்தால் நாளொன்றுக்கு 14,400 லீற்றர் வேண்டாத நீர் உள்ளே வருகிறது. அதாவது உங்கள் கழிவுநீரில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டிய அளவு. துப்புரவு வாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து மேல்நோக்கிப் போனால் எந்தக் கிளையில் ஓட்டம் என்று தெரிந்துவிடும். உப்புத்தன்மை அளக்கும் சிறு கருவி ஒன்று கையில் இருந்தால் வேலை பாதியாகும்: நீர் உவர்ப்பென்றால் பெரும்பாலும் நீரேரிப் பக்கத்து மூட்டொன்று திறந்திருக்கும், உவர்ப்பில்லையென்றால் நன்னீருக்குள் கிடக்கும் மூட்டொன்று ஒழுகலாம், அல்லது எங்கோ ஒரு வீட்டில் கூரைப்பீலியைத் தொட்டிக்குள் திருப்பி விட்டிருக்கலாம்.